டெல்டா சாலைக்கு ஒரு சொகுசு செடான்: முதன்முறை வாங்குவோருக்கான வழிகாட்டி

இதுவரை இன்னோவாவோ ஃபார்ச்சூனரோ வைத்திருந்து, இப்போது முதன்முறையாக ஒரு சொகுசு செடான் வாங்க எண்ணும் காவிரி டெல்டாக்காரர்களுக்காக இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது. ஷோரூமுக்குள் நுழைந்ததும் முதலில் காட்டப்படுவது பெரிய திரையும் கூரையில் ஒளிரும் விளக்குகளும்தான். ஆனால் எந்த வேரியன்ட் நமக்குப் பொருந்தும் என்பதைத் தீர்மானிக்க வேண்டியவை பின்சீட்டும், டயரும், வண்டியின் அடிப்பாகமும் ஆகும். அந்த வரிசையிலேயே படிப்படியாகப் பார்ப்போம்.

எக்ஸிகியூட்டிவ் செடான் என்று சந்தையில் அழைக்கப்படுவது மெர்சிடிஸ் பென்ஸ் சி கிளாஸுக்கும் எஸ் கிளாஸுக்கும் நடுவில் உள்ள ஈ கிளாஸ், பி.எம்.டபிள்யூ 3 சீரிஸுக்கும் 7 சீரிஸுக்கும் நடுவில் உள்ள 5 சீரிஸ், ஆடி ஏ6, வால்வோ எஸ்90 ஆகியவை அடங்கிய பிரிவு. 5 சீரிஸ் 1972இல் தொடங்கியது. ஈ கிளாஸ் என்ற பெயர் 1993இல் வந்தது என்றாலும் அந்த வரிசையின் மூதாதையர் அதற்கு வெகுகாலம் முந்தியவர்கள். ஆடி 100 என்று விற்ற கார் 1994இல் ஏ6 ஆயிற்று. இன்று இந்தியாவில் விற்கும் ஈ கிளாஸ் புணேக்கு அருகிலுள்ள சாக்கனிலும், 5 சீரிஸ் நம் சிங்கப்பெருமாள் கோயிலை அடுத்த மகிந்திரா வேர்ல்ட் சிட்டியிலும் பூட்டப்படுகின்றன. பாகங்களாக வந்து இங்கே பூட்டப்படும் காருக்குச் சுங்கவரி குறைவு. முழுதாகக் கப்பலில் இறங்கும் காரோடு ஒப்பிடும்போது விலை வேறுபாட்டுக்கு இதுவே முதற்காரணம்.

முதற்படி: யார் எங்கே உட்காரப் போகிறார்?

இந்தக் கேள்விக்கு வீட்டிலேயே விடை கண்டுவிட்டுத்தான் ஷோரூமுக்குப் போக வேண்டும். 2024இல் இந்தியாவுக்கு வந்த ஈ கிளாஸும் 5 சீரிஸும் நீள வீல்பேஸ் கொண்ட வடிவங்கள். முன்சக்கர மையத்துக்கும் பின்சக்கர மையத்துக்கும் இடையிலான தூரம் ஈ கிளாஸில் 3094 மில்லிமீட்டர், 5 சீரிஸில் 3105 மில்லிமீட்டர். கூட்டிய நீளம் முழுவதும் பின்சீட்டில் கால் நீட்டுவதற்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆகவே டிரைவர் வைத்துக்கொண்டு, அரிசி ஆலைக்கும் சென்னைக்கும் பின்சீட்டில் அமர்ந்து பயணிப்பவருக்கு இவை உகந்தவை. தாமே ஸ்டீயரிங்கைப் பிடித்து ஓட்ட விரும்புகிறவருக்கு இந்த நீளம் பெரும்பாலும் சுமைதான். அவர் ஒரு படி கீழே இறங்கி 3 சீரிஸையோ சி கிளாஸையோ பார்ப்பது நல்லது என்பது என் கருத்து. கௌரவம் குறைந்துவிடும் என்று யாராவது சொன்னால், கும்பகோணம் பெரிய கடைத்தெருவில் மாலை ஆறு மணிக்கு ஒரு முறை நீளமான காரைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பின்சீட்டைச் சோதிக்கும்போது வீட்டுப் பெரியவர்களையும் கூட்டிச் செல்ல வேண்டும். இன்னோவாவில் ஏறுவதற்கும் செடானில் இறங்கி அமர்வதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. முழங்கால் வலி உள்ள அம்மாவோ அப்பாவோ அந்தத் தாழ்ந்த இருக்கையிலிருந்து யார் கையையும் பிடிக்காமல் எழுந்துவர முடிகிறதா என்று பார்க்க வேண்டும். இப்போதைய ஈ கிளாஸின் பின்சீட்டுச் சாய்மானம் 36 பாகை வரை சாயும், தொடைக்கு அடியிலுள்ள மெத்தைப் பகுதியும் முன்னே நீளும். சாய்ந்து அமர இது சுகம். எழுந்திருக்க இது உதவாது. இரண்டையும் தனித்தனியே சோதியுங்கள்.

இரண்டாம் படி: வீட்டு வாசலையும் தெருவையும் அளந்து பார்ப்பது

ஈ கிளாஸின் மொத்த நீளம் 5092 மில்லிமீட்டர். 5 சீரிஸின் நீளம் 5165. பக்கக் கண்ணாடிகளை விரித்தால் இரண்டின் அகலமும் இரண்டு மீட்டரைத் தாண்டும். அக்ரகாரத்து வீடுகளிலும் பழைய செட்டித் தெருக்களிலும் பின்னாளில் தகரக் கொட்டகை போட்டு உண்டாக்கிய கார் நிறுத்துமிடங்கள் பல, அம்பாசடரை மனத்தில் வைத்துக் கட்டியவை. கேட்டின் அகலம், கொட்டகையின் உள்நீளம், தெருவிலிருந்து வாசலுக்கு ஏறும் சரிவு ஆகிய மூன்றையும் டேப் பிடித்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கதவைத் திறந்து இறங்க இரு பக்கமும் இடம் வேண்டும் என்பதைக் கொத்தனார் சொல்லமாட்டார். நாம்தான் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வாசல் சரிவு ஏன் முக்கியம் என்றால், இந்தக் கார்களின் வடிவமே அதைத் தொல்லையாக்குகிறது. எஞ்சின் நீளவாக்கில் பொருத்தப்படுவதால் முன்மூடி நீண்டிருக்கிறது. காற்றைக் கிழித்துச் செல்வதற்காக முகப்பு தாழ்த்தப்படுகிறது. இன்றைய ஈ கிளாஸின் காற்றெதிர்ப்புக் கெழு 0.23 என்ற மிகக் குறைந்த அளவில் இருப்பதற்கு இந்தத் தாழ்வும் ஒரு காரணம். நெடுஞ்சாலையில் காற்றிரைச்சல் கேட்காமல் பேசிக்கொண்டு போக முடிவது இதனால்தான். அதே தாழ்ந்த முகப்பு செங்குத்தான வாசல் சரிவில் உரசும்.

மூன்றாம் படி: வேரியன்ட் பெயரைப் படிக்கப் பழகுதல்

பின்புறத்தில் ஒட்டப்பட்டிருக்கும் எண்களும் எழுத்துகளும் ஒரு முறை புரிந்துவிட்டால் விற்பனையாளரின் பேச்சில் பாதி தானாகவே விளங்கிவிடும். பி.எம்.டபிள்யூவில் முதல் இலக்கம் வரிசையைக் குறிக்கும், அடுத்த இரண்டு இலக்கங்கள் எஞ்சினின் ஆற்றல் படியைக் குறிக்கும். 530எல்.ஐ என்றால் 5 சீரிஸ், 30 என்ற ஆற்றல் படி, நீள வீல்பேஸ், பெட்ரோல் என்று பொருள். 30 என்பதைப் பார்த்து மூன்று லிட்டர் எஞ்சின் என்று நினைத்துவிடக் கூடாது. அது டர்போ பொருத்திய இரண்டு லிட்டர் எஞ்சின், 258 குதிரைத்திறனும் 400 நியூட்டன் மீட்டர் திருகுவிசையும் (டார்க்) தருவது. ஒரு காலத்தில் அந்த எண் எஞ்சின் கொள்ளளவோடு ஒத்துப்போனது. டர்போ வந்த பிறகு அந்த உறவு அறுந்துவிட்டது.

மெர்சிடிஸிலும் இதே கதைதான். 2024 அக்டோபரில் இங்கே வந்த ஈ கிளாஸ் மூன்று வேரியன்ட்களில் அறிமுகமானது. ஈ 200 என்பது இரண்டு லிட்டர் பெட்ரோல், சுமார் 200 குதிரைத்திறன். ஈ 220டி என்பது இரண்டு லிட்டர் டீசல். குதிரைத்திறன் ஏறத்தாழ அதேதான், ஆனால் திருகுவிசை 440 நியூட்டன் மீட்டர். ஈ 450 4மேட்டிக் என்பது ஆறு சிலிண்டர் கொண்ட மூன்று லிட்டர் பெட்ரோல், சுமார் 380 குதிரைத்திறன், நான்கு சக்கர இயக்கம். இவை மூன்றிலும் 48 வோல்ட் மைல்ட் ஹைப்ரிட் அமைப்பு உண்டு. இது மின்சாரக் கார் அல்ல. சிக்னலில் நின்ற எஞ்சின் அதிர்வின்றி மறுபடி உயிர்பெறவும், புறப்படும்போது சிறிது கைகொடுக்கவும் பயன்படும் துணை. ஆடியில் 45 டி.எஃப்.எஸ்.ஐ என்று எழுதியிருந்தால் அந்த 45 ஆற்றல் வரம்பைக் குறிக்கும் குறியெண் மட்டுமே. இங்கே விற்ற ஏ6 45 டி.எஃப்.எஸ்.ஐ முன்சக்கர இயக்கம் கொண்டது என்பதையும், ஆடி என்றாலே குவாட்ரோ, அதாவது நான்கு சக்கர இயக்கம், என்று எண்ணி வாங்கிவிடக் கூடாது என்பதையும் பழைய கார் பார்ப்பவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

வெளிநாட்டு யூடியூப் விமர்சனங்களைப் பார்த்துவிட்டு முடிவெடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை உண்டு. ஐரோப்பாவில் ஓடும் ஈ கிளாஸ் குறுகிய வீல்பேஸ் கொண்டது. அங்கே பின்புறம் பெட்டிபோல் நீண்ட எஸ்டேட் வடிவமும், பின்சக்கரமும் சற்றுத் திரும்பும் வசதியும், வேறு சஸ்பென்ஷனும் கிடைக்கின்றன. அவர்கள் புகழும் வளைவுத் திறனும், குறை சொல்லும் பின்சீட்டு இடமும் நமக்குக் கிடைக்கும் காருடையவை அல்ல.

பெட்ரோலா டீசலா என்ற முடிவு எளியது. தஞ்சாவூரிலிருந்து சென்னை சுமார் 340 கிலோமீட்டர். மாதந்தோறும் பலமுறை அந்தத் தூரம் போகிறவருக்கு ஈ 220டி போன்ற டீசல் மிகப் பொருத்தம். கார் பெரும்பாலும் கும்பகோணத்துக்குள் வங்கிக்கும் கடைக்கும் கல்யாண மண்டபத்துக்கும் மட்டுமே ஓடுமானால் டீசல் வேண்டாம். 2020 ஏப்ரலிலிருந்து நடைமுறையிலுள்ள பி.எஸ்.6 புகைக்கட்டுப்பாட்டு விதிகளுக்கேற்ப டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி இருக்கிறது. அதில் சேர்ந்த கரி எரிந்து தீர வேண்டுமென்றால் எஞ்சின் நன்கு சூடேறித் தொடர்ந்து ஓட வேண்டும். குறுந்தூர ஓட்டத்தில் அது அடைத்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கு எரியும். ஆட்ப்ளூ என்ற யூரியாக் கரைசலையும் அவ்வப்போது நிரப்ப வேண்டும். வயலுக்குப் போடும் யூரியாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் போதும் என்று ஆலோசனை சொல்லும் நண்பர்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் பேச்சைக் கேட்டால் வெளியேற்று அமைப்பு முழுவதையும் மாற்ற நேரும்.

மின்சார வேரியன்ட்டை விரும்புகிறவர்கள் முதலில் வீட்டில் மூன்று பேஸ் இணைப்பும் நிலையான மின்னழுத்தமும் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். தோட்டத்துப் பம்ப்செட்டின் இலவச இணைப்பிலிருந்து காருக்கு சார்ஜ் எடுப்பது சட்டப்படி குற்றம்.

நான்காம் படி: டயரும் அடிப்பாகமும்

டெல்டாவில் இந்த வகைக் காருக்கு வரும் செலவுகளில் தவிர்க்கக்கூடியவை பெரும்பாலும் இங்கேதான் பிறக்கின்றன. ஆகவே சற்று நிதானமாகவே பார்ப்போம்.

டயரின் பக்கச்சுவரில் 245/45 ஆர்18 என்று எழுதியிருந்தால், டயரின் அகலம் 245 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 45 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 110 மில்லிமீட்டர், உள்ளேயுள்ள வளையம் 18 அங்குலம் என்று படிக்க வேண்டும். அதுவே 245/40 ஆர்19 என்றால் பக்கச்சுவர் 98 மில்லிமீட்டராகவும், 245/35 ஆர்20 என்றால் 86 மில்லிமீட்டராகவும் குறைகிறது. பள்ளத்தில் சக்கரம் விழும்போது அதிர்ச்சியைத் தாங்குவது அந்த ரப்பர் உயரம்தான். அது குறையக் குறைய டயர் வெடிப்பதும் அலாய் வளையம் நெளிவதும் கூடும். விலை உயர்ந்த வேரியன்ட்டில் பெரிய சக்கரம் அழகாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் பாபநாசம், வலங்கைமான், நன்னிலம், திருத்துறைப்பூண்டி பக்கத்து உட்சாலைகளில் வாரந்தோறும் போகிறவர்கள் கிடைக்கக்கூடிய மிகச் சிறிய சக்கரத்தையே கேட்டு வாங்க வேண்டும்.

ஸ்டெப்னி இருக்கிறதா என்று டிக்கியைத் திறந்து கண்ணால் பாருங்கள். சில கார்களில் காற்றிறங்கினாலும் கொஞ்ச தூரம் ஓடக்கூடிய ரன்ஃபிளாட் டயர்களைக் கொடுத்துவிட்டு ஸ்டெப்னியை விட்டுவிடுவார்கள். அந்த டயர் கிழிந்துவிட்டால் திருவாரூரிலோ வேதாரண்யத்திலோ உடனே மாற்று கிடைக்கும் என்று நம்பக்கூடாது. மெல்லிய தற்காலிக ஸ்டெப்னி இருந்தாலும், அது டிக்கியில் எவ்வளவு இடத்தைப் பிடிக்கிறது, ஊருக்குப் போகும் பைகள் மிச்ச இடத்தில் அடங்குமா என்பதை அங்கேயே வைத்துப் பார்த்துவிடலாம்.

அடுத்தது வேகத்தடை. நீள வீல்பேஸ் காரில் இரு சக்கரங்களுக்கும் நடுவே அடிப்பாகம் மூன்று மீட்டருக்கு மேல் தாங்கலின்றி நிற்கிறது. பஞ்சாயத்துச் சாலைகளில் ஊரார் தாமே போட்ட உயரமான தடைகளிலும், அரசலாறு, குடமுருட்டி, வெட்டாறு வாய்க்கால்களின் மேலுள்ள முதுகு வளைந்த பழைய மதகுப் பாலங்களிலும் ஏறி இறங்கும்போது நடுவயிறு உரசும். பின்சீட்டில் மூவரும் டிக்கியில் ஓர் அரிசி மூட்டையும் இருந்தால் கார் இன்னும் தாழும். எனவே டெஸ்ட் டிரைவின்போது ஷோரூமைச் சுற்றியுள்ள வழவழப்பான சாலையில் ஒரு வட்டம் அடித்துத் திரும்புவதை ஏற்காமல், ஆட்களை முழுமையாக ஏற்றிக்கொண்டு, நாம் அன்றாடம் போகும் வழிக்குக் காரைக் கொண்டுவரச் சொல்லிக் கேட்க வேண்டும். இந்த விலைக்கு வாங்குகிறவர் அப்படிக் கேட்பதில் தவறே இல்லை. குறுக்கே கடக்கும்போது ஒரு சக்கரம் முன்னதாகவும் ஒரு சக்கரம் பின்னதாகவும் ஏறும்படிச் சாய்வாக எடுத்தால் உரசல் குறையும். டிரைவருக்கு இதை முதல் நாளே சொல்லிக்கொடுங்கள்.

காற்றுப் பைகளால் தாங்கும் ஏர் சஸ்பென்ஷன் கொண்ட பழைய கார் விற்பனைக்கு வந்தால், அதைப் பொத்தானை அழுத்தி உயர்த்த முடியும் என்பது கவர்ச்சியாக இருக்கும். ஆனால் அந்தப் பைகள் ரப்பர். ஆண்டுகள் ஆக ஆக வெடித்துக் காற்று கசியும், மாற்றும் செலவும் அதிகம். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, காரைக்கால் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்கிறது. அந்த ஊர்க்காரர்கள் சாதாரண ஸ்பிரிங் உள்ள வேரியன்ட்டை எடுத்து, அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் அடிக்கடி கழுவி வருவது போதும்.

பின்சக்கர இயக்கமுள்ள இந்தக் கார்கள் ஐப்பசி மழையில் சேறான வயல்வரப்புப் பாதைக்கு உரியவை அல்ல. 4மேட்டிக் இருந்தாலும் தரை உயரம் கூடிவிடாது. களத்துமேட்டுக்குப் போக வீட்டில் இருக்கும் பழைய பொலிரோவை விற்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: திரையும் உதவிக் கருவிகளும்

ஈ கிளாஸில் நடுவே 14.4 அங்குலத் திரையும், 5 சீரிஸில் வளைந்த கண்ணாடிக்குள் 12.3, 14.9 அங்குலத் திரைகள் இரண்டும் இருக்கின்றன. ஏசியின் குளிர்ச்சியைக் கூட்டுவது, பின்கண்ணாடியின் பனிமூட்டத்தைப் போக்குவது ஆகிய இரண்டு காரியங்களை ஓடும்போது திரையில் எத்தனை தொடுதலில் செய்ய முடிகிறது என்று டிரைவரையே செய்யச் சொல்லிப் பார்த்தால் போதும். மற்ற அழகுகளுக்கு நாம் ஒரு மாதத்தில் பழகி, அடுத்த மாதம் மறந்துவிடுவோம்.

ஏடாஸ் எனப்படும் ஓட்டுநர் உதவிக் கருவிகளைப் பற்றி மட்டும் தெளிவு வேண்டும். கேமராவும் ரேடாரும் சேர்ந்து முன்னால் போகும் வண்டியிலிருந்து இடைவெளி விட்டு ஓட்டுதல், காரைத் தடத்துக்குள்ளேயே வைத்திருத்தல், மோதலைத் தவிர்க்கத் தானே பிரேக் போடுதல் ஆகியவற்றைச் செய்யும். திருச்சி–தஞ்சாவூர் நான்குவழிச் சாலையில் இவை நன்றாகவே உதவும். கோடே இல்லாத ஊர்ச்சாலையில் தடம் காக்கும் கருவி ஒன்றும் செய்யாது. அறுவடைக் காலத்தில் சாலையில் பாதி அகலத்துக்கு நெல் காயப்போட்டிருக்கும் இடத்திலும், பின்விளக்கு இல்லாமல் இரவில் வைக்கோல் ஏற்றிப் போகும் டிராக்டரின் பின்னாலும் கருவியை நம்பி ஓட்டக் கூடாது. கருவி இருப்பதால் டிரைவருக்கு ஓய்வு குறைத்துக் கொடுக்கலாம் என்ற எண்ணமும் ஆபத்தானது. எந்த வேரியன்ட்டில் எந்தக் கருவி உண்டு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறுவதால் எழுத்தில் பட்டியல் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: தண்ணீர், எலி, காப்பீடு

வடகிழக்குப் பருவமழையில் வடிகால் நிரம்பி சாலை மூழ்குவது நமக்குப் புதிதல்ல. முழங்கால் அளவு தண்ணீரில் ஜீப் போவதைப் பார்த்து இந்தக் காரையும் இறக்கினால், காற்று இழுக்கும் குழாய் வழியாக நீர் சிலிண்டருக்குள் போகும். காற்றைப்போல் நீர் அமுங்காது. அழுத்த முயலும் பிஸ்டனின் தண்டு வளைந்து எஞ்சினே போய்விடும். நீரில் நின்றுபோன காரை மறுபடி ஸ்டார்ட் செய்து பார்ப்பதுதான் சேதத்தை முழுமையாக்கும் செயல். தள்ளி மேட்டில் ஏற்றி, டோ வண்டிக்குச் சொல்லிவிட்டுக் காத்திருப்பதே சரி. சாதாரண முழுக் காப்பீட்டில் இவ்வகை எஞ்சின் சேதம் பெரும்பாலும் அடங்காது. எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவைச் சேர்த்திருந்தால் மட்டுமே நம்பிக்கை உண்டு. தேய்மானம் கழிக்காத பிரிவையும், கார் முழுதாக அழிந்தால் வாங்கிய விலையைத் தரும் பிரிவையும் உடன் சேர்க்க வேண்டும்.

நகரத்தார் அறியாத இன்னொரு எதிரி வயல் எலி. அறுவடை முடிந்ததும் அது கொட்டகைகளுக்குக் குடிபெயரும். சூடான எஞ்சின் அறை அதற்குச் சத்திரம். இந்தக் கார்களில் ஒரு வயர் கடிபட்டால் ஒரு விளக்கு அணைவதோடு நிற்காது, தொடர்புடைய கட்டுப்பாட்டுப் பெட்டிகள் பலவும் பிழை காட்டும். எலிக்கடி காப்பீட்டில் அடங்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கொட்டகையில் நெல் மூட்டையையும் காரையும் சேர்த்து வைக்காதீர்கள். சிங்கப்பூரிலோ துபாயிலோ இருந்துகொண்டு ஆண்டுக்கு இருமுறை வருகிறவர்கள், நிறுத்தி வைத்த காரின் பேட்டரியைப் பராமரிக்கும் சார்ஜரையும் வாங்கிக்கொள்வது நல்லது.

ஏழாம் படி: பணக் கணக்கு

தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாற்றப்பட்ட விகிதப்படி 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 20 விழுக்காடு. ஷோரூம் விலை 80 லட்சம் என்றால் வரி மட்டும் 16 லட்சம். இதற்கு மேல் விற்பவரே வசூலித்து அரசுக்குக் கட்டும் டி.சி.எஸ் என்ற வரியாக ஒரு விழுக்காடு பிடிப்பார்கள், இது வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளக் கூடியது, ஆதலால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி விகிதம் மாறியதால் அதற்கு முந்தைய விலைப்பட்டியல்களை வைத்துப் பேரம் பேசுவதில் பயனில்லை.

காரைக்கால் பக்கத்திலேயே இருப்பதால், புதுச்சேரியின் பி.ஒய் பதிவில் எடுத்தால் வரி குறையும் என்று யோசனை சொல்லாத உறவினர் இருக்கமாட்டார். உண்மையில் அங்கே வசிக்கிறவருக்கு அது சரி. தஞ்சாவூரில் வசித்துக்கொண்டு அந்தப் பதிவோடு ஓட்டினால், மோட்டார் வாகனச் சட்டப்படி 12 மாதங்களுக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருக்கும் வண்டிக்கு அந்த மாநிலத்தின் பதிவெண் வாங்கியாக வேண்டும், வரியும் கட்டியாக வேண்டும். சோதனையில் பிடிபட்டு நிற்கும் நாளில் மிச்சப்படுத்திய தொகை நினைவுக்கு வராது.

சர்வீஸ் சென்டர் எந்த ஊரில் இருக்கிறது என்பதும் பணக் கணக்கைச் சேர்ந்ததே. திருச்சியா, மதுரையா, சென்னையா என்று பிராண்டுக்குப் பிராண்டு கேட்டு, வண்டியை ஆள் வந்து எடுத்துச் சென்று திரும்பக் கொடுப்பார்களா, பாதி வழியில் நின்றால் டோ செலவு யாருடையது என்பவற்றை எழுத்தில் பெறுங்கள். இரண்டு கார்களுக்கிடையே மனம் ஊசலாடினால், நம் ஊருக்கு அருகில் சர்வீஸ் உள்ளதையே எடுப்பேன் நான்.

பழைய கார் வாங்குவோருக்கு

இவ்வகைக் கார்களின் விலை முதல் சில ஆண்டுகளிலேயே வேகமாக இறங்குவதால் பலரும் இரண்டாம் கைக்குப் போகிறார்கள். விலை இறங்கினாலும் உதிரிபாகத்தின் விலை புதிய காருடையதே என்பதை மறக்கக் கூடாது. சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் பல பிறகு வெளியூர்களில் விற்பனைக்கு வந்தன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து அடிநுனியில் வண்டல் கறை இருக்கிறதா, சீட்டின் இரும்புத் தடத்தில் துரு இருக்கிறதா, ஸ்டெப்னிக் குழியில் மண் படிந்திருக்கிறதா, தரை விரிப்பின் அடியில் ஈர நாற்றம் அடிக்கிறதா என்று பாருங்கள். பின்னர் அந்தப் பிராண்டின் சர்வீஸ் சென்டரிலேயே லிஃப்ட்டில் ஏற்றி, ஸ்கேனர் போட்டு, சர்வீஸ் வரலாற்றையும் காப்பீட்டுக் கோரிக்கை வரலாற்றையும் எடுத்த பிறகே முன்பணம் கொடுக்கலாம். பெட்ரோல் கார் என்றால் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏற்றதா என்று எரிபொருள் மூடியின் உட்புறத்திலோ கையேட்டிலோ பார்த்துக்கொள்ளுங்கள்.

டெலிவரி நாளன்று, புதிய காரானாலும் பழைய காரானாலும், மாலை போட்டுப் புகைப்படம் எடுப்பதற்கு முன்பே இரண்டு சாவிகளும் வேலை செய்கின்றனவா, ஸ்டெப்னியும் ஜாக்கியும் இருக்கின்றனவா, நான்கு டயர்களின் தயாரிப்பு வாரமும் ஆண்டும் ஒத்துப்போகின்றனவா, காப்பீட்டுச் சான்றில் நாம் கேட்ட கூடுதல் பிரிவுகள் அச்சாகியிருக்கின்றனவா என்று சரிபார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். எலுமிச்சம்பழத்தில் ஏற்றி வண்டியை எடுப்பது அதற்குப் பிறகு.